காவடி அண்ணனுக்குப் பல் ஊசி

பினாங்கில் ஊசிக்குப் பயந்தவர்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தால், காவடி அண்ணன்தான் அதற்கு நிரந்தரத் தலைவர். எதிர்த்துப் போட்டியிட இன்னும் ஆள் பிறக்கவில்லை.

இத்தனைக்கும், வருஷா வருஷம் தைப்பூசத்தன்று கன்னத்தில் கை நீள வேல் குத்திக்கொண்டு, சிரித்த முகமாகத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுகிற மனிதர். பத்து காவான் என்கிற ஊரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அங்கே ரத்ததான முகாம் நடந்தால், ஆளைப் பெட்டிகளுக்குப் பின்னால்தான் தேடவேண்டும்.

"ஏண்ணே, வேலுக்கே பயப்படாத நீங்க, போயும் போயும் ஊசிக்கு..."

"டேய், அது முருகன் குத்துறது. இது கண்டவன் குத்துறது லா!"

அதற்கு மேல் விளக்கம் கிடைக்காது.

ஒரு வருஷம் தைப்பூசம் நெருங்கும் நேரத்தில் அண்ணனுக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகி, கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. அலகு குத்தும் பெரியவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "பல்ல எடு. வீக்கம் வத்துனா வா. இல்லாட்டி அடுத்த வருஷம்தான்" என்று சொல்லிவிட்டார். அண்ணன் இடிந்துபோனார். பேத்தி நல்லபடியாகப் பிறந்ததற்கு நேர்ந்துகொண்ட காவடி அது.

முதல் கிளினிக்கில் ஊசியைப் பார்த்ததும், கழுத்தில் கட்டிய நீலத் துணியோடு ஓடிப்போய் பஸ் ஏறிவிட்டார். அடுத்து, ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு பெண் டாக்டரிடம் நானே இழுத்துக்கொண்டு போனேன். நாற்காலியில் உட்கார்ந்ததும், பையிலிருந்து வேல் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"டாக்டர், ஒங்க ஊசிக்குப் பதிலா இதுல மருந்தத் தடவிக் குத்த முடியுமா? இதுன்னா எனக்குப் பழக்கம்."

டாக்டர் சிரிக்கவே இல்லை. "அத ஒங்க கூட்டாளிகிட்ட குடுங்கண்ணே. மொதல்ல ஈறு மரத்துப்போக ஜெல் தடவுறேன். அப்புறம் கன்னத்த ஆட்டிக்கிட்டே மெதுவா போடுவேன். வலி அவ்வளவா தெரியாது."

"பக்கத்துல யாராச்சும் வேல் வேல் சொன்னாத்தான் எனக்குத் தைரியம் வரும்."

"ஒங்க கூட்டாளிய தாராளமா சொல்லச் சொல்லுங்க."

நான் கூச்சத்தோடு முணுமுணுத்தேன். "சத்தமா லா!" என்று அதட்டினார். கத்தினேன். நர்ஸும் கத்தினார். வெளியே ஒரு சீன ஆன்ட்டி காத்திருந்தார். தைப்பூசத் தேருக்குத் தவறாமல் தேங்காய் உடைப்பவராம். எங்கள் இரண்டு பேரையும் தூக்கிச் சாப்பிடும் குரலில் "வேல்! வேல்!" என்று அவரும் சேர்ந்துகொண்டார். அண்ணனுக்கு அருள் வர ஆரம்பித்தது. தலை சுழன்றது, நாற்காலி அதிர்ந்தது.

"அண்ணே! தலை ஆடக்கூடாது! காலு மட்டும் ஆடட்டும்!"

டாக்டர் போட்ட சத்தத்தில் அருளே பயந்து காலுக்கு இறங்கிவிட்டது. இடுப்புக்கு மேல் சிலை, இடுப்புக்குக் கீழே முழுக் காவடியாட்டம்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணை மட்டும் திறந்து, "எப்ப டாக்டர் குத்துவீங்க?" என்றார்.

"குத்தி முடிச்சாச்சுண்ணே."

அண்ணனுக்கு வந்ததே கோபம்! "சொல்லாம எப்படிக் குத்தலாம்? நான் இன்னும் பயந்தே முடிக்கலையே!"

பல் வெளியே வந்தது, வீக்கமும் வற்றியது. தைப்பூசத்தன்று பெரியவர் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். வேல் ஏறும்போது அண்ணன் முகம் சுளிக்கவில்லை. மகள் தோளில் இருந்த பேத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. கூட்டம் முருகனை நினைத்துக்கொண்டு நடந்தது. முருகன் மன்னிக்கட்டும், மலைப்படி முடியும் வரைக்கும் நான் அந்த மனிதரைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.