செல்வியக்கா அமுக்கிய பொத்தான்

ஒரு கல்யாணத்தை நிறுத்த, குறைந்தபட்சம் ஒரு பழைய காதலாவது வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். நான் செய்த ஒரு பொத்தானே கிட்டத்தட்டப் போதுமானதாக இருந்தது.

அக்காவுக்கு ஸ்ரீரங்கத்தில் கல்யாணம். நான் கம்ப்யூட்டர் படிப்பில் கடைசி வருஷம் (அதாவது, எனக்குத் தெரியாதது உலகில் எதுவுமே இல்லாத வருஷம்). பத்திரிகையில் முகவரி போடுவது பழைய பாணி என்று வாதாடி, ஒரு வெப்சைட் செய்தேன். பத்திரிகையில் அதன் க்யூஆர் கோடு மட்டும். வெப்சைட்டிலாவது மண்டபத்தின் பெயர் உண்டா என்றால், அதுவும் இல்லை. "மண்டபத்துக்கு வழி", "எங்களை அழைக்க" என்று தங்க நிறத்தில் இரண்டு பொத்தான்கள்.

அப்பா மட்டும் கேட்டார்: "அட்ரஸை ஒரு ஓரமாப் போட்டா என்னம்மா?"

"டிசைன் கெட்டுடும்ப்பா."

முகூர்த்தத்தன்று காலை, மாப்பிள்ளையின் அக்கா செல்வியைக் காணவில்லை. தாலியில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டால், மீதி இரண்டை நாத்தனார்தான் போட வேண்டும். உப்பிலியபுரத்தில் நர்ஸாக இருக்கும் அவர், டியூட்டி முடிந்து நேராக வேனில் வருவதாக ஏற்பாடு. வெப்சைட்டில்தான் எல்லாம் இருக்கிறதே என்று மண்டபத்தின் பெயரை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அவர் போன் எப்போதும் பிஸி. (அவரும் மாறி மாறி எங்கள் ஆட்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.)

"இன்னும் பதினஞ்சு நிமிஷந்தான் முகூர்த்தம்" என்றார் ஐயர். அப்பா என்னைப் பார்த்தார். நான் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவில் ஓடினேன்.

அடுத்த தெருவில், வேறு யாரோ வீட்டுக் கல்யாண வாசலில் வேன் நின்றது. அவர்கள் வீட்டுச் சந்தனத்தைப் பூசிக்கொண்டு செல்வியக்கா போனைக் கட்டைவிரலால் குத்திக்கொண்டிருந்தார்.

"நீதானே இதைச் செஞ்சே? துறையூர்லேர்ந்து அமுக்குறேம்மா. விரலே தேஞ்சுடுச்சு."

"மூடிட்டுத் திறந்து பாத்தீங்களாக்கா?"

"மூடினா உள்ளதும் போயிட்டா? அதான் பத்திரமா வச்சிருக்கேன்."

டிரைவர் எட்டிப் பார்த்தார். "மண்டபம் பேரு என்னன்னு கேட்டா பொத்தானைக் காட்டுறாங்க. நான் என்னங்க பண்றது?"

விஷயம் இதுதான். அவர் வெப்சைட்டைத் திறந்த உப்பிலியபுரம் மலையடிவாரத்தில் சிக்னல் ஒரு கோடு. எழுத்தும் நிறமும் வந்து சேர்ந்தன, பொத்தானை வேலை செய்ய வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் மட்டும் வரவில்லை. வழி காட்டும் வேலை முழுவதையும் நான் அதனிடமே ஒப்படைத்திருந்தேன். அது இல்லாமல் என் பொத்தான்கள் சுவரில் வரைந்த கதவுகள். சாதாரண லிங்க்காக எழுதியிருந்தால், ஜாவாஸ்கிரிப்ட் வராவிட்டாலும் ஊருக்குள் சிக்னல் கிடைத்ததும், தொட்டால் மேப் திறந்திருக்கும். போன் காலும் போயிருக்கும். ஒரு வரி வேலை. அலங்காரத்துக்கு நான் எழுதியது முந்நூறு வரி.

செல்வியக்கா திட்டவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என்னோடு ஓடிவந்தார். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடும்போது மேடையேறி, மூச்சு வாங்கியபடியே மீதி இரண்டையும் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "இது கையால போட்டதும்மா. நெட் இல்லாட்டியும் நிக்கும்" என்றார்.

இப்போதெல்லாம் எந்த வெப்சைட்டை முடித்தாலும், ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு ஒவ்வொரு லிங்க்கையும் தொட்டுப் பார்க்கிறேன். ஆபீஸில் என்னைக் கவனமான பெண் என்கிறார்கள். வீட்டில் அந்தப் பேச்சே எடுபடாது. போன மாதம் செல்வியக்கா மகனுக்குக் காதுகுத்து. பத்திரிகையில் மண்டபம், தெரு, பஸ் ஸ்டாப், ஐந்து போன் நம்பர்கள். அடியில் கொட்டை எழுத்தில் ஒரு வரி:

"அமுக்க வேண்டாம். படித்தால் போதும்."