ஆகவே சாரும் பத்தாவது கையெழுத்தும்

பொய் சொல்லத் தெரியாததால் வேலை இழந்த மனிதர் சேலம் ஜில்லாவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கல்லூரியில் தர்க்கவியல் நடத்தினார். எதைப் பேசினாலும் ஓர் ‘ஆகவே’ போட்டுத்தான் முடிப்பார். “மழை வருது, குடை இல்ல, ஆகவே நனைவோம்” என்று அறிவித்துவிட்டு மைதானத்தின் நடுவே நிதானமாக நடந்து போவார். அதனால் ஆகவே சார். இயற்பெயர் சம்பளப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும்.

எண்பதுகளின் தொடக்கம். பி.ஏ. இரண்டாம் ஆண்டில் ஒரு விருப்பப் பாடம் எடுக்க வேண்டும்: தர்க்கவியல் அல்லது பொது நிர்வாகம். இதில் விருப்பம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பொது நிர்வாக வகுப்பு மூன்று மணிக்கே முடியும். பனமரத்துப்பட்டி பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். அந்த ஒரே காரணத்துக்காக அந்தப் பக்கத்துப் பையன்கள் அத்தனை பேரும் நிர்வாக வல்லுநர்களாக முடிவெடுத்தார்கள். பக்கத்து அறையில் மாணவிகள் இருந்ததால் இன்னொரு கூட்டம். மிச்சமிருந்தவர்களை அந்தப் பாடத்தின் லெக்சரர் மடக்கினார்.

“பத்தே கேள்வி தர்றேன். மனப்பாடம் பண்ணுங்க, பாஸ். கலெக்டர் ஆபீஸ்ல நாற்காலி காத்துக்கிட்டிருக்குது.”

தர்க்கவியலுக்குப் பத்துப் பேர் சேராவிட்டால் பாடத்தையே எடுத்துவிடுவதாக பிரின்சிபால் சொல்லியிருந்தார். ஆகவே சார் தற்காலிக லெக்சரர். பாடம் போனால் அவரும் போக வேண்டியதுதான். மனிதர் நோட்டீஸ் போர்டுக்குக் கீழே சேர்க்கைப் பாரத்தோடு நின்றார். அவர் ஆள் பிடித்த லட்சணத்தைக் கேளுங்கள்.

“சார், ஈஸியா பாஸ் பண்ணிரலாமா?”

“போன வருஷம் பாதிப் பேர் ஃபெயிலு தம்பி.”

“நோட்ஸ் தருவீங்களா?”

“தரமாட்டேன். தந்தா நீங்க யோசிக்க மாட்டீங்க.”

வந்தவர்கள் விழுந்தடித்து ஓடினார்கள். அப்படியும் ஒன்பது பேர் தேறினார்கள். அதில் ஒருவன் அதை ஸ்காலர்ஷிப் பாரம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டவன். பத்தாவதாக நான் போட்டேன். பாதிப் பேர் ஃபெயில் என்று தானே சொல்லும் வாத்தியாரை நான் அதுவரை பார்த்ததில்லை, பிடித்துப் போயிற்று. ஆகவே சார் பெயர்களை இரண்டு தடவை எண்ணிவிட்டு, பெண்ணுக்கு வரன் அமைந்த தகப்பனைப் போலச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு மறுநாள் காலை வரை இருந்தது. நாமக்கல் பக்கத்திலிருந்து என் அப்பா, ராத்திரி வீட்டில் நான் சொன்னதைக் கேட்டு, மரவள்ளிக் காட்டு வேலையை விட்டுவிட்டு வந்து அவர் முன்னால் நின்றார்.

“ஏனுங்க சார், இதப் படிச்சா உத்தியோகம் வருமுங்களா?”

“வராதுங்க.”

“அப்புறம் என்னத்துக்குங்க?”

“ஒருத்தன் நம்மள ஏமாத்தறப்ப, எந்த எடத்துல ஏமாத்தறான்னு புரியுமுங்க.”

அப்பா யோசித்தார். “நமக்குப் புரிஞ்சுட்டா அவன் உட்டுருவானுங்களா?”

ஆகவே சார் பாரத்தை வெளியே எடுத்தார். ஒரே ஒரு பொய் போதும். சொல்லுங்கள் சார் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

“உடமாட்டானுங்க” என்றார். பேனாவைத் திறந்து, பத்தாவது பெயரை அவரே அடித்தார். “உங்க கேள்வி சரிதானுங்க.”

‘நான் இதைத்தான் படிப்பேன்’ என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பாடம் போயிற்று, அவரும் போனார். வழியனுப்பு விழா இல்லை. பொது நிர்வாக லெக்சரர் அவருடைய நாற்காலியைத் தன் அறைக்கு இழுத்துக்கொண்டார். பொது நிர்வாகத்தில் நான் நேரில் கண்ட ஒரே செய்முறை விளக்கம் அதுதான். பத்துக் கேள்விகளையும் உருப்போட்டு நல்ல மார்க்கில் தேறினேன். கலெக்டர் ஆபீஸ் நாற்காலி யாருக்காகக் காத்திருந்ததோ, எனக்காக இல்லை. நான்கு வருஷம் வீட்டில் கிடந்தேன். பிறகு ஒரு ஜவ்வரிசி ஆலையில் குமாஸ்தாவானேன்.

ஒருநாள் மூட்டைகளை அனுப்ப, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸுக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் ஆகவே சார். எனக்கு முன்னால் நின்ற வியாபாரி, “சரக்கு நாளைக்குப் போயிருமுங்களா?” என்று கேட்டார்.

“போகாதுங்க. டிரைவருக்குக் காய்ச்சல்.”

வியாபாரி எதிர்க்கடைக்கு நடந்தார். உள்ளேயிருந்து முதலாளி முறைத்தார்.

“சார், அன்னிக்கு நான் வாயத் திறந்திருக்கணும்” என்றேன்.

“அப்பா நல்லா இருக்காருங்களா?” என்று மட்டும் கேட்டார். தன் நாற்காலியில் என்னை உட்கார வைத்து, தான் நின்றுகொண்டு, டீ சொன்னார். குடித்து முடித்தால் எழுந்து போக வேண்டுமே என்று, அந்த டீயை ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.