அங்கப்பன் வீட்டு விரிசலும் அதன் நகலும்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. இந்தக் கதையில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. காட்டைப் பற்றிச் சொல்லும்போது சிங்கத்தைச் சொல்லாமல் விட்டால் மேலிடத்தில் கோபித்துக்கொள்வார்கள், அதனால் சொல்லி வைத்தேன்.

அதே காட்டில் அங்கப்பன் என்று ஓர் அலங்கு வாழ்ந்தான். உடம்பெல்லாம் செதில், முழ நீள நாக்கு, மூன்று வேளையும் எறும்பு. எறும்புதின்னி என்றால் உங்களுக்குச் சட்டென்று விளங்கும். அவன் மனைவி பூவாத்தாள் நிறைமாதக்காரி. இருவரும் ஒரு மண்மேட்டைக் குடைந்து, முன்னால் சுவர் வைத்து, மேலே பலகைக்கல் போட்டுக் குடியிருந்தார்கள். அந்தச் சுவரில் ஆவணி மாதம் ஒரு விரிசல் விட்டது. புரட்டாசியில் பூவாத்தாளின் வால் முழுதும் அதற்குள் போய் வந்தது. ஐப்பசி மழைக்குள் அடைக்காவிட்டால் கூரைக்கல் தலையில் இறங்கும் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள், சொல்லிவிட்டுப் போனார்கள்.

"ஏனுங்க, பிள்ளை பெக்கறதுக்கு எனக்கு நாலு சுவரு வேணுமுங்க. மூணே கால் சுவரு பத்தாது," என்றாள் பூவாத்தாள்.

தானே மண் குழைத்துப் பூசிக்கொள்ளக் கூடாதா, வேறு வளை தோண்டக் கூடாதா என்று கேட்பீர்கள். கூடாது. அந்தக் காட்டில் தன் வீட்டுச் சுவரைத் தானே தொட்டால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. வளை தோண்டினால் சுரங்கம். எதுவும் தொடாமல், எதுவும் தோண்டாமல் வரிசையில் நின்றால் மட்டும் நல்ல பிராணி. அங்கப்பன் நல்ல பிராணி. காட்டுப் பணிகள் அலுவலகத்தில் நான்கு நாள் வரிசையில் நின்று, ஓவர்சியர் உடும்பின் மேசைக்கு வந்து சேர்ந்தான்.

உடும்பு பிடித்தால் விடாது என்பார்கள். இந்த உடும்பு பிடித்திருந்தது நாற்காலியை. மனுவோடு இருந்த புகைப்படத்தை அவர் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

"இது விரிசலா, கொடியோட நிழலா?"

"விரிசலுங்க."

"தெளிவா இல்லையேப்பா. தெளிவாத் தெரியற மாதிரி எதையாவது சேர்த்து இணைச்சுக் கொண்டா."

"நேர்ல வந்து பாத்தீங்கன்னாத் தெரியுமுங்க."

"நேர்ல வர்றதுக்குப் படிவம் வேற," என்றார் உடும்பு. அதற்கும் வரிசை வேறு என்பதை அவர் சொல்லவில்லை, அங்கப்பனுக்கே தெரியும்.

இந்த இடத்தில் அந்தக் காட்டைப் பிடித்திருந்த பைத்தியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காடு பார்க்க வந்த ஒரு குடும்பம் என்றோ ஒரு பையை மறந்துவிட்டுப் போயிற்று. அதற்குள் நகம் அளவுக்குப் பிளாஸ்டிக் செங்கற்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே குமிழ், கீழே குழி. ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும். அன்று முதல் காட்டில் ஒருவரும் உருப்படவில்லை. காக்கைகள் ஊருக்குள் போய் மேலும் மேலும் கற்களைக் கொத்திக்கொண்டு வந்தன. கரடி உள்ளங்கை அளவில் தேனடை கட்டியது. மான் ஒரு குளம் கட்டி, அதில் முதலையை வைக்காமல் விட்டது. நரி திராட்சைத் தோட்டம் கட்டிக் குலைகளையெல்லாம் எட்டும் உயரத்தில் தொங்கவிட்டது. கட்டியதைப் படம் பிடித்துக் கைப்பேசிக் குழுவில் போடுவார்கள். குழுவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

குழுவுக்குத் தலைவர் தேவாங்கு குப்பண்ணன். அவருக்கு இருக்கும் கண்ணுக்குப் படத்தைப் பார்த்தே குமிழ்களை எண்ணிவிடுவார். அவர் வைத்ததுதான் சட்டம். அளவு தெரிவதற்காகப் படத்தில் பொருளுக்குப் பக்கத்தில் ஒரு புளியங்கொட்டை இருக்க வேண்டும். பசை என்ற பேச்சே கூடாது. பசை வைப்பவன் பெற்ற தாயை விற்பவன். எல்லாவற்றுக்கும் மேலாக, அசலும் நகலும் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு குமிழ் பிசகினாலும் குப்பண்ணனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அங்கப்பனும் அந்தக் குழுவில் இருந்தான். கல்லைப் பிரிக்கவும் பொருத்தவும் அவனுடைய நகத்துக்கு இணை கிடையாது. ஆகவே உடும்பு கேட்ட தெளிவுக்காகத் தன் வீட்டை அப்படியே உள்ளங்கை அளவில் கட்டினான். சாய்ந்த சுவர், சரிந்த கூரை, ஓதம் ஏறிய மூலை, விரிசல், எல்லாம் இருந்தன. அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் முன்னால், நம்மவர்கள் நானூறு பேர் இருக்கிறார்களே என்ற நம்பிக்கையில், புளியங்கொட்டையோடு படம் எடுத்துக் குழுவிலும் போட்டான். கீழே எழுதினான்: "இது எங்கள் வீடு. சுவர் விழப்போகிறது. மழைக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. மனைவி நிறைமாதம். யாராவது உதவுங்கள்."

குழு கொந்தளித்துவிட்டது.

"விரிசல் செம. எத்தனை கல்லு அண்ணா?" என்று கேட்டது முயல்.

"அந்த ஓதம் சாதாப் பச்சையா, பாசிப் பச்சையா?" என்று கேட்டது மயில்.

கரடி எழுதியது: "வீடு யாரு வேணாலும் கட்டலாம். 'யாராவது உதவுங்கள்'னு கீழ போட்டீங்க பாருங்க, அங்கதான் நீங்க நிக்கறீங்க."

குப்பண்ணன் கடைசியாக வந்தார். "படிப்படியாக் கட்டற முறையப் போட்டுவிடு தம்பி. எல்லாரும் கட்டிப் பாக்கட்டும்," என்றார். அங்கப்பன் மரியாதைக்குப் போட்டான். மறுநாள் காட்டில் முப்பத்தேழு குட்டி வீடுகளில் விரிசல் விட்டிருந்தது. அந்த மாதத்தின் சிறந்த நகல் என்று அங்கப்பனுக்குப் பட்டம் கொடுத்தார்கள்.

"பட்டத்தை விரிசல்ல சொருகி வெச்சுப் பாருங்க, அடையுதான்னு," என்றாள் பூவாத்தாள்.

அவன் குட்டி வீட்டை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினான். உடும்பு முதல் முறையாக முகம் மலர்ந்து, மனுவோடு சேர்த்து வாங்கி வைத்துக்கொண்டார். நான்காம் நாள் கூப்பிட்டனுப்பினார்.

"வேலை முடிஞ்சுதுப்பா. கையெழுத்துப் போட்டு வாங்கிக்க."

மேசை மேல் குட்டி வீடு இருந்தது. விரிசலில் மூன்று புதுக் கல் வைத்து, அசையாமல் இருக்க ஒரு புட்டி பசையை ஊற்றியிருந்தார்கள். கூரையில் 'பணி நிறைவு' என்று முத்திரை.

"சுவரு எங்க வீட்டுக்கு வேணுமுங்க," என்றான் அங்கப்பன்.

"மனுவோட இணைச்சிருந்தது எது?"

"இதுதானுங்க."

"இணைச்சதைச் சரி பண்ணியாச்சு. உனக்கு மட்டும் ரெண்டு வீட்டுக்கு வேலை பாத்துக் குடுத்தா மத்த பிராணிங்க என்னைச் சும்மா விடுமா?"

அங்கப்பன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான். வெளியே வந்து, ஆற்றாமையில், ஒட்டப்பட்ட வீட்டைப் படம் எடுத்துக் குழுவில் போட்டான். "பாருங்கள், என்ன செய்திருக்கிறார்கள்" என்று மட்டும் எழுதினான்.

சுவர் விழப்போகிறது என்றபோது ஒரு கைப்பிடி மண் கொண்டுவராத காடு, பசை என்றதும் எழுந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பேரும் அலுவலகத்தின் முன் கூடிவிட்டார்கள். யானை வாசலில் குறுக்கே உட்கார்ந்தது. மயில் அழுதது. குப்பண்ணன் நகலை இரண்டு கையாலும் ஏந்தி எல்லாருக்கும் காட்டினார்.

"பசை வெச்சுட்டாங்களேய்யா. ஒரு குஞ்சுக் கல்லுக்குப் பசை வெக்கறதுக்கு எப்புடி மனசு வந்துச்சு?"

உடும்பு மேசைக்கு அடியில் போய்விட்டார். அங்கிருந்தே மன்னிப்புக் கேட்டார். ஆனால் வைத்த பசை வைத்ததுதான். பிரித்தால் நகல் உடையும். குப்பண்ணன் நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகலில் விரிசல் இல்லை, அசலில் இருக்கிறது. குழுவின் சட்டம் பட்டப்பகலில் மீறப்பட்டுக் கிடக்கிறது.

"நகலை இனி மாத்த முடியாது," என்றார் கடைசியில். "அப்ப அசலைத்தான் மாத்தோணும்."

அரை நாளில் வேலை முடிந்தது. யானை கல் சுமந்தது. கறையான்கள் மண் குழைத்தன. கரடி கூரைக்கல்லை நிமிர்த்திப் பிடித்தது. குப்பண்ணன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாகச் சரி பார்த்தார். படிவம் எங்கே என்று கேட்க ஆளில்லை. கேட்க வேண்டியவர் இன்னும் மேசைக்கு அடியில்தான் இருந்தார். அந்தக் காட்டில் அப்படி ஒரு சுவர் அதற்கு முன் எழும்பியதில்லை. அங்கப்பன் எல்லாரையும் கும்பிட்டான். பூவாத்தாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

"அம்மிணி, எங்க போறீங்க?" என்றார் குப்பண்ணன்.

"ஊட்டுக்குள்ளதானுங்க."

"நகல்ல உள்ள யாரும் இல்லீங்களே."

அவர் நகலின் கூரையைத் தூக்கிக் காட்டினார். காலியாகத்தான் இருந்தது. விரிசலைக் காட்டக் கட்டிய வீட்டில் ஆளைக் கட்ட அங்கப்பனுக்குத் தோன்றியிருக்கவில்லை. குழு அப்போதே கூடிப் பேசி, வாசலில் குறுக்கே கொடி கட்டி, பக்கத்தில் நகலை வைத்துவிட்டது. மறுநாளே அசலையும் நகலையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கூட்டம் வரத் தொடங்கியது. ஐப்பசியும் பிறந்தது. வீட்டுக்காரர்கள் இருவரும் எதிரே பலாமரத்தடியில் நனைந்துகொண்டு, தங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை என்று வந்தவர்கள் எல்லாரும் பாராட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாள் பொறுத்தாள் பூவாத்தாள். மூன்றாம் நாள் காலை, மூக்கில் மழைநீர் சொட்டச் சொட்ட, புருஷனைப் பார்த்தாள்.

"ஏனுங்க, சுவத்தைக் கட்டத் தெரிஞ்ச உங்களுக்கு நம்மளைக் கட்டத் தெரியாதுங்களா?"

அங்கப்பன் தன் கல் பெட்டியை இழுத்தான். அதை மடியில் வைத்துக்கொண்டு பழுப்புக் கற்களைப் பொறுக்கினான். மதியத்துக்குள் இரண்டு குட்டி அலங்குகள் தயார். ஒன்றுக்கு வயிறு பெரியது. இரண்டையும் நகல் வீட்டுக்குள் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, கூரையைத் திறந்துவைத்துப் படம் பிடித்துப் போட்டான். இந்த முறை கீழே ஒரு வரியும் எழுதவில்லை.

குப்பண்ணன் மழையோடு மழையாக ஓடி வந்தார். கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போலிருந்தன.

"அசல்ல ரெண்டு உருப்படி கொறையுது. அடப்பாவிகளா, மரத்தடியில உக்காந்து என்ன பண்றீங்க? போங்க உள்ள, போங்க."

கொடியை அவரே அறுத்தார். இருவரையும் பின்னாலிருந்து தள்ளினார். உள்ளே தரை காய்ந்திருந்தது. பூவாத்தாள் சுவரில் கன்னத்தை வைத்து அழுதாள், சந்தோஷத்தில்தான். அங்கப்பனுக்கும் அன்று முழுவதும் சிரிப்பு அடங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் குப்பண்ணன் வந்து, வாசலில் இருந்த நகலை எடுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "தம்பி, தலை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம். அம்மிணி, வாலு சுவத்தோரம் இருக்கோணும். இடப்பக்கமாத்தான் படுத்திருக்கறீங்க நகல்ல." நகலைக் கூரை திறந்தபடி உள்ளேயே வைத்துவிட்டு அவர் போனபின் முயல் வந்தது. முயல் போனபின் மயில். எறும்பு தின்னப் போவதென்றாலும் ஒருவர் பின் ஒருவராக, ஆள் வராத நேரம் பார்த்துப் போனார்கள். இடப்பக்கமாகவே படுத்துப் பூவாத்தாளுக்கு விலா மரத்துப்போயிற்று. ஆனாலும் நனையவில்லை.

ஆறாம் நாள் அவளுக்கு வலி எடுத்தது.

"ஏனுங்க, மருத்துவச்சியக் கூட்டியாங்க. சீக்கிரம்."

அங்கப்பன் எழுந்தான். வாசலுக்குப் போகவில்லை. மூலையில் இருந்த பெட்டியைக் கவிழ்த்து, இரண்டு கையாலும் துழாவத் தொடங்கினான்.

"அங்க என்னத்தைத் தேடறீங்க?"

"நகல்ல நாம ரெண்டு பேருதான் புள்ள இருக்கறோம். மூணாவதா ஒண்ணு இருந்தா வெளிய போடச் சொல்லுவாங்க."

இந்த மாதிரி நேரத்தில் பெண்கள் பல்லைக் கடித்துக்கொள்வார்கள். அலங்குக்குப் பல் கிடையாது. ஆகவே அவள் அவனையும், அவன் பரம்பரையையும், குப்பண்ணனின் இரண்டு கண்களையும் திட்டினாள். அவன் கடைசியில் ஒற்றைக் குமிழ் வைத்த பழுப்புக் கல் ஒன்றைக் கண்டெடுத்தான். அதை நகலில், வயிறு பெரிய பொம்மைக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினான். படம் பிடித்துப் போட்டான். குப்பண்ணன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் வரை காத்திருந்தான். அதற்குப் பிறகுதான் மருத்துவச்சியைத் தேடி ஓடினான்.

அவளோடு திரும்பியபோது குழந்தை பிறந்துவிட்டிருந்தது. தாயும் பிள்ளையும் நலம். பிள்ளை அவளுடைய வலப்பக்கத்தில், கதகதப்பாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பூவாத்தாள் தலையைத் தூக்கி நகலை ஒருமுறை பார்த்தாள். அதில் அந்தக் கல் இடப்பக்கம் இருந்தது. யாரும் சொல்லாமலே, தூக்கம் கலையாதபடி, பிள்ளையை எடுத்து இடப்பக்கம் மாற்றிப் போட்டாள்.

நீதி: உனக்கு வீடு வேண்டுமென்று கேட்டால் படிவம் கிடைக்கும், உன் பொம்மைக்கு வேண்டுமென்றால் வீடே கிடைக்கும். ஆகவே, பிள்ளை பெறுமுன் பொம்மையைப் பெற்றுக்கொள்க.