நூற்று இருபத்தைந்து கார்கள் உள்ள தெரு

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் பெரிய ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சக்கரத்தை எங்கே நிறுத்துவது என்று சட்டம் போட்ட பெருமை மெக்சிகோவில் எங்கள் சாந்தா ரீத்தா நகராட்சியைத்தான் சேரும். எங்கள் ஊரில் கார்கள் மொத்தம் ஒன்பது. அவற்றில் மூன்று ஓடும்.

எங்கள் நில உபயோக விதிகள் நெடுநோக்கு உடையவை. எந்தக் கடையாக இருந்தாலும் நாலு கார் நிறுத்த இடம் காட்ட வேண்டும். புதிதாக ஓர் அறை எழுப்பினால் அதற்கு ஒன்று. இவற்றை எழுதிக் கொடுத்த தலைநகர நிபுணர் எங்கள் ஊரைப் பார்த்ததே இல்லை. ஆகவே பாரபட்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எங்கள் சந்தில் ஒப்துலியா அம்மாளுக்குச் சோள ரொட்டிக் கடை. நடுப்பகலானால் ரொட்டியைச் சுற்றிப்போகக் கையில் துணியோடு வரிசை நிற்கும். அவள் மகள் நியேவெஸுக்கு ஞானஸ்நானத்தில் நான் ஞானத்தகப்பன். அதனால் ஒப்துலியா என்னை உறவு கொண்டாடி ‘கொம்பாத்ரே’, அதாவது பிள்ளைக்கு இன்னொரு தகப்பன், என்பாள். நியேவெஸும் புருஷனும் இரட்டைக் குழந்தைகளும் ரொட்டி இயந்திரத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு படுத்தார்கள். மேலே ஒரு அறை எழுப்பினால் கஷ்டம் தீரும். அதற்கென்றே ஒன்பது வருஷமாகக் கூரையில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன.

மாடிக்கு அனுமதி கேட்கவும் கடை உரிமத்தைப் புதுப்பிக்கவும் அவள் நகராட்சிக்குப் போனபோது துணைக்கு நானும் போனேன்.

“கடைக்கு நாலு, மாடி அறைக்கு ஒண்ணு. அஞ்சு கார் நிக்க இடம் காட்டுங்கம்மா” என்றார் இன்ஜினியர் லாண்டேரோஸ். முத்திரைக் கட்டையைக் குழந்தை மாதிரி கையில் வைத்திருந்தார்.

“எங்கிட்ட வர்ற சனம் எல்லாம் செருப்புல வருது தம்பி. செருப்பு நிறுத்த இடம் கேளுங்க, அம்பது ஜோடிக்குக் காட்டுறேன்.”

“செருப்பைப் பத்தி விதியில ஒண்ணும் இல்லையே.”

“இந்தச் சந்துல காரே இல்லையே!”

“இன்னைக்கு இல்ல. நாளைக்கு ஒரு கார் ரொட்டி வாங்க வருதுன்னு வைங்க. நிக்க இடமில்லாம மனசொடிஞ்சு திரும்பிப் போகணுமா?”

ஒப்துலியா என்னைப் பார்த்தாள். நான் கயிறும் தீவனமும் விற்கிறவன். இல்லாத சரக்குக்கு விலை சொல்லி வளர்ந்தவன். கடைக்குப் பின்னால் எனக்கு ஒரு முற்றம் உண்டு. கழுதையைக் கட்டுவது அங்கேதான். ‘என் முற்றத்தில் ஐந்து இடங்கள் மேற்படி ஒப்துலியாவின் கார்களுக்கு’ என்று அங்கேயே ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடை உரிமம் உடனே புதுப்பிக்கப்பட்டது. மாடி அறை ‘பரிசீலனை’க்குப் போனது.

மறுநாள் சவரக்கடை சிப்ரியானோ வந்தான்.

“அந்த அஞ்சுல நாலு எனக்கும் குடு.”

“அது ஒப்துலியாவுக்குக் குடுத்தாச்சேடா.”

“நிக்கிறதே இல்லாத கார் ரெண்டு பேருக்கு நின்னா முற்றம் தேஞ்சா போகும்?”

நியாயம்தான். அவனுக்கும் எழுதினேன், ஆயுளுக்கும் எனக்குச் சவரம் இலவசம். பிறகு மருந்துக்கடைக்காரர், தையல்காரி, சவப்பெட்டி ஆசாரி. (ஆசாரியின் சலுகையை மட்டும் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.) முப்பத்தொரு கடைக்கும் அதே முற்றம். இன்ஜினியர் நேரிலும் வந்து பார்த்தார்.

“அது என்னங்க, கழுதையா?”

“அப்பப்ப நகரும் ஐயா.”

“சரி, தற்காலிக வாகனம்” என்று குறித்துக்கொண்டு போனார்.

ஆண்டு இறுதியில் நகராட்சி கோப்புகளைக் கூட்டிப் பார்த்தது. முப்பத்தொரு கடை, நாலு நாலாக நூற்று இருபத்து நாலு. கட்டப்படாத அறைக்கு ஒன்று. ஆக, நாலு மீட்டர் அகலச் சந்து வழியாகத் தினமும் நூற்று இருபத்தைந்து கார்கள் என் முற்றத்துக்குப் போய் வருகின்றன! மன்றம் நடுங்கிப் போய் ‘போக்குவரத்து நெருக்கடி’யைப் பிரகடனம் செய்தது. சந்து பன்னிரண்டு மீட்டர் ஆக வேண்டும். பக்கத்துக்கு நாலு மீட்டர் போகும். மற்றவர்களுக்கு முன்புறம் மட்டும்தான் போகும்; ஒப்துலியாவின் கடையும் பின்னறையும் சேர்த்தே நாலு மீட்டர். என் முற்றம் தெருக்கோடியில் இருந்ததால் அதற்கு ஒன்றுமில்லை.

கூட்டத்தில் ஒப்துலியா எழுந்தாள். “அந்தக் காருல ஒண்ணையாவது யாராவது கண்ணால பாத்தீங்களா?”

“அதைத்தாம்மா நாங்களும் சொல்றோம்,” என்றார் லாண்டேரோஸ். “ஏன் ஒரு காரும் வரல? ரோடு குறுகல்!”

மன்றம் கைதட்டியது.

அவள் என் பக்கம் திரும்பினாள். “கொம்பாத்ரே, அந்தக் கடுதாசி பொய்யின்னு சொல்லிருய்யா.”

சொல்லியிருக்கலாம். சொன்னால் முப்பத்தொரு உரிமமும் போகும், பொய்க் கையெழுத்துக்கு நானும் உள்ளே போவேன். சிப்ரியானோ வேறு என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் நகர வளர்ச்சியைக் கருதி மௌனம் காத்தேன்.

இடிப்பு ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. இப்போது ஒப்துலியா கோவில் மதிலோரம் கூடையில் ரொட்டி விற்கிறாள். நியேவெஸ் புருஷனோடும் குழந்தைகளோடும் வெளியூரில் இருக்கும் கொழுந்தன் வீட்டுக்குப் போய்விட்டாள். எட்டாம் நாள் இன்ஜினியரே மதிலோரம் தேடி வந்து, முத்திரையிட்ட காகிதத்தை நீட்டினார். மாடி அறை கட்ட அனுமதி.

“எதுக்கு மேல கட்டட்டும்?” என்றாள் ஒப்துலியா.

“நீங்க மாடிக்குத்தாம்மா மனு குடுத்தீங்க. கீழ்வீட்டைக் காப்பாத்தித் தரச் சொல்லி மனு எதுவும் வரலையே.”

அவர் போனதும், ரொட்டி வாங்க அங்கே நின்றிருந்த என்னிடம் காகிதத்தைத் தந்தாள். “நீயே வச்சுக்க கொம்பாத்ரே. இல்லாத காருக்கெல்லாம் இடம் இருந்துச்சு உன் முற்றத்துல. என் பேரப்பிள்ளைங்களுக்கு ஒரு கட்டில் போட இடம் இருக்கான்னு நீயும் கேக்கல, நானும் கேக்கத் தெரியாமப் போயிட்டேன்.”

போன ஞாயிற்றுக்கிழமை நகராட்சி எனக்கு மாலை போட்டு ‘போக்குவரத்துக் கொடையாளர்’ என்று பட்டம் கொடுத்தது. பொருத்தமான பட்டம். நானும் நகராட்சியும் சேர்ந்து நூற்று இருபத்தைந்து கார்களை ஒரு குடும்பத்தின் மேல் ஏற்றினோம். ஒரு சொட்டு பெட்ரோல்கூடச் செலவாகவில்லை.