உற்றுப் பார்க்கும் வகுப்பு

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் தோலில் முடி முளைத்த ஒரே ஒரு ரம்புத்தான் பழத்தை முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடமாகச் சத்தமே இல்லை. மேசைக்குப் பின்னால் நின்ற பொன்னுதுரைக்கு இதை நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

காஜா பெராங்கில் இருந்த அந்தத் தமிழ்ப் பள்ளியில் அவர் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். பள்ளி என்பது ஒரே நீளக் கூடம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே ஒரு கரும்பலகைதான் சுவர். பண்டார் ஹிலிர் திடலில் மலாய் நாட்டுச் சுதந்திரத்துக்குத் தேதி சொன்ன நாளிலிருந்து பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் "மெர்டேக்கா!" என்று கத்தினார்கள். மலாயில் விடுதலை என்று அர்த்தம். கணக்குக்கு விடை சரியாக வந்தால் மெர்டேக்கா. தப்பாக வந்தாலும் மெர்டேக்கா. ஒன்றுக்குப் போக அனுமதி கிடைத்தால் கட்டாயம் மெர்டேக்கா.

பக்கத்து வகுப்பை நடத்தும் தலைமையாசிரியர் அண்ணாமலை மூன்று முறை கரும்பலகையைச் சுற்றி வந்து எட்டிப் பார்த்துவிட்டார்.

"என்ன பொன்னுதுரை, வகுப்பு நடத்துறீங்களா, ஊர்வலம் நடத்துறீங்களா?"

"அடக்கிடுறேன் சார்."

"அடுத்த மாசம் கல்வி ஆபீஸ்லேருந்து ஆள் வர்றாங்க. உங்க ரிப்போர்ட்டு அவங்க கையிலதான். ஞாபகம் இருக்கட்டும்."

மறக்க வழியே இல்லை. பொன்னுதுரை தற்காலிக ஆசிரியர். புக்கிட் ரம்பாயில் அவர் பெண் பார்த்துவிட்டு வந்த விஜயாவின் அப்பா, "வேலை நிரந்தரமானதும் சொல்லியனுப்புங்க, நாள் பாத்துடலாம்" என்று சொல்லியிருந்தார். நிரந்தரமாகாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. குருபோங் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி, பெண் கேட்டு வந்துபோனதை மட்டும் சொன்னார். பொன்னுதுரைக்கு விஜயாவை மிகவும் பிடித்திருந்தது. அந்தக் கிராணியைப் பார்க்காமலே பிடிக்கவில்லை.

அதனால்தான் இந்த ரம்புத்தான். தற்காலிக ஆசிரியர்களுக்கான சனிக்கிழமைப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த முறை அது. பிள்ளைகள் முன்னால் ஒரு பொருளை வைக்க வேண்டும். பத்து நிமிடம் பேசாமல் அதையே பார்க்கச் சொல்ல வேண்டும். நிறம், நிழல், மேடு, பள்ளம் எல்லாவற்றையும் பார்க்கட்டும். கண் ஓரிடத்தில் நின்றால் மனசும் நிற்கும். மனசு நின்றால் வாயும் நிற்கும் என்பது பொன்னுதுரை சொந்தமாகச் சேர்த்துக்கொண்டது.

பத்தாவது நிமிடம் முன்வரிசையில் கோகிலா கையைத் தூக்கினாள். ஒன்பது வயது, இரட்டைச் சடை.

"சார், ஓர் எறும்பு அந்த ஒரே முடியிலயே மூணு தடவ ஏறி எறங்கிருச்சு. பாவம், வழி தெரியல போல."

பொன்னுதுரை நெகிழ்ந்துபோனார். நான்கு மாதத்தில் முதன்முறையாகத் தன்னை ஓர் ஆசிரியர் என்று உணர்ந்தார்.

"அருமை! இப்படித்தான் பாக்கணும். வீட்டுக்குப் போற வழியிலயும் தினம் ஏதாவது ஒண்ணைப் பத்து நிமிஷம் பாருங்க. மறுநாள் வந்து சொல்லுங்க."

அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

புதன்கிழமை காலையில் மளிகைக்கடை கணேசமூர்த்தி பள்ளி வாசலில் நின்றார்.

"வாத்தியாரே, நேத்து உங்க பிள்ளைங்க எட்டுப் பேரு நம்ம கடைக்கு வந்து, ஒண்ணும் வாங்காம, தராசையே பாத்துக்கிட்டு நின்னுச்சுங்க!"

"அது பாடம்ங்க. கவனிக்கிற பாடம்."

"கவனிக்கட்டும், வேணாங்கல. தட்டுக்கு அடியில புளி ஒட்டியிருக்குன்னு சத்தமா ஏன் சொல்லணும்? கடை நிறைய ஆளு!"

"புளி ஒட்டியிருந்துச்சா?"

"புளி விக்கிற கடையில புளி ஒட்டாம பூவா ஒட்டும்?"

பொன்னுதுரை மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தார். அன்றே வகுப்பில் சட்டம் போட்டார். கடைகளைப் பார்க்கக் கூடாது. வீட்டில் இருப்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை கோகிலாவின் அம்மா பொன்னம்மா வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"ஐயா, நீங்க நல்லா இருக்கணும். இவங்க அப்பா, 'மழையில நின்னு ரோடு போட்டேன், ஓவர்டைம்'னு தினம் லேட்டா வருவாரு. நேத்து இவ அவரு செருப்பையே பத்து நிமிஷம் பாத்தா. 'அம்மா, செருப்பு காஞ்சு கெடக்கு, சட்டையில மட்டும் கோப்பிக் கறை'ன்னா. போயிப் பாத்தா மனுசன் கோப்பிக்கடையில சோடா மூடிய வச்சு டாம் வெளாட்டு ஆடிக்கிட்டு இருக்காரு! எங்க காலத்துல இந்தப் படிப்பு இல்லாமப் போச்சே ஐயா!"

அவர் போன அரை மணி நேரத்தில் கணவர் சேதுபதி வந்தார். அவர் முகம் மலர்ந்திருக்கவில்லை.

"வாத்தியாரே, நீங்க இன்னும் கல்யாணம் கட்டலதானே?"

"இல்லைங்க."

"தெரியுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

சட்டம் திருத்தப்பட்டது. வீட்டையும் வீட்டில் இருப்பவர்களையும் பார்க்கக் கூடாது. பள்ளிக்கூடத்துக்குள் இருப்பதை மட்டும் பார்க்கலாம். பள்ளிக்கூடத்துக்குள் என்ன இருந்துவிடப் போகிறது என்று பொன்னுதுரை நினைத்தார்.

திங்கட்கிழமை கோகிலா எழுந்தாள்.

"சார், பெரிய சாருக்குக் காலையில மீசை கறுப்பா இருக்கு. பத்தரை மணிக்கு வெள்ளையா இருக்கு. பதினோரு மணிக்குத் திரும்பக் கறுப்பாயிருது."

"வயசானா அப்படித்தான். உக்காரு."

"இல்ல சார், எங்களுக்குக் குடுக்கிற பால்மாவு டின் இருக்குல்ல, அந்த ரூம்புலேருந்து வெளிய வர்றப்பதான் சார் வெள்ளை."

பின்வரிசையிலிருந்து இன்னொரு குரல் வந்தது. "கடைசிப் பாடத்துல அவரு பேப்பர் படிக்கிறாரு சார். ஒரு பக்கம்கூடத் திருப்பல. பேப்பர் மட்டும் ஏறி ஏறி எறங்குது."

பொன்னுதுரை கரும்பலகைக்கு மேலே எட்டிப் பார்த்தார். பேப்பர் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. மீசையின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடும் தெரிந்தது. நான்கு மாதமாக அவரும் அந்த மீசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் கண்ணில் பட்டதில்லை.

இது அந்தப் பக்கம் கேட்டுவிட்டால் வேலையும் போச்சு, விஜயாவும் போச்சு. குரலைத் தாழ்த்திக்கொண்டு கடைசிச் சட்டத்தைப் போட்டார்.

"இனிமே பாக்கிறதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அப்படியே மனசுக்குள்ள வச்சுக்கணும். என்ன?"

"பெரியவங்க கேட்டா சார்?" என்றாள் கோகிலா.

பெரியவர்கள் கேட்டாலும் வாயைத் திறக்காதே என்று ஓர் ஆசிரியர் எப்படிச் சொல்வது?

"வெளியேருந்து வர்ற பெரியவங்க கேட்டா மட்டும் சொல்லலாம்" என்றார்.

அதன்பின் இரண்டு வாரம் மூன்றாம் வகுப்பில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. மெர்டேக்கா நின்றுபோனது. அண்ணாமலையே வந்து தோளைத் தட்டிக்கொடுத்தார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

கல்வி ஆபீஸிலிருந்து ஆள் வரும் நாள் வந்தது. வெள்ளைக்காரத் துரைமார்கள் பெட்டி கட்டத் தொடங்கியிருந்த காலம். எந்த நாற்காலியில் யார் உட்காருவார் என்று ஆபீஸுக்கே நிச்சயமில்லை. வழக்கமாக வருபவருக்குப் பதில் புதிதாக ஒருவர் வந்தார். கலியாணசுந்தரம் என்று பெயர். வெள்ளைக் கோட்டு, நெற்றி நிறைய திருநீறு, நடுவில் சந்தனம். அந்த நெற்றியைப் பார்த்ததும் பொன்னுதுரைக்குப் பாதி பயம் போய்விட்டது.

அண்ணாமலை வாசலிலேயே ஆங்கிலத்தில் வரவேற்றார். அதிகாரிகளிடம் ஆங்கிலத்தில் பேசுவதுதான் அப்போது மரியாதை. மேற்கொண்டு ஆங்கிலம் தேவைப்படும் என்று தெரிந்ததும், கோப்பிக்கும் பலகாரத்துக்கும் ஏற்பாடு செய்யத் தானே கடைக்குப் புறப்பட்டுவிட்டார்.

அதிகாரி மூன்றாம் வகுப்புக்குள் தனியாக வந்தார். மேசைமேல் ஒரு செம்பருத்திப் பூ இருந்தது. இருபத்திரண்டு பிள்ளைகளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். பத்து நிமிடம் முழுதாகப் போனது. பிறகு இது என்ன பாடம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பொன்னுதுரை தன்னிடமிருந்த ஆங்கிலம் அத்தனையையும் செலவழித்து விளக்கினார்.

கலியாணசுந்தரம் புன்னகைத்தார். முன்வரிசையில் இருந்த கோகிலாவைப் பார்த்து, சொல்லு என்பதுபோலக் கையை அசைத்தார்.

வெளியிலிருந்து வந்த பெரியவர் கேட்டுவிட்டார். இரண்டு வாரச் சரக்கு உள்ளே இருந்தது.

"ஐயா, பூவுக்கு அஞ்சு எதழு. ஒண்ணுல ஓட்டை இருக்கு."

"குட்" என்றார் அதிகாரி.

"எங்க பெரிய சாரு தினம் பத்தரை மணிக்கு எங்க பால்மாவத் திங்கிறாரு. மீசையில ஒட்டியிருக்கும்."

"குட்."

"கடைசிப் பாடத்துல பேப்பருக்குப் பின்னால தூங்குறாரு. எங்க சாரு மேசை டிராயர்ல ஓர் அக்கா படம் வச்சிருக்காரு. ஒரு பாடத்துக்கு மூணு தடவ தொறந்து பாக்குறாரு. நீங்க வந்ததுலேருந்து நாலு தடவ கால்சட்டையில கையத் தொடச்சிட்டாரு."

பொன்னுதுரை ஐந்தாவது தடவை துடைத்தார்.

"வெரி குட்" என்று சொல்லி, அதிகாரி கோட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். அவர் அடுத்த பிள்ளையைக் காட்டினார், அதுவும் சொன்னது. அதற்கடுத்ததும் சொன்னது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குட், நோட்டில் ஒரு வரி. அண்ணாமலை கோப்பித் தட்டோடு உள்ளே நுழைந்தபோது வகுப்பு மறுபடி பூவைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது யாரும் எதுவும் கேட்கவில்லை அல்லவா?

அன்று மாலையே பொன்னுதுரை மனசுக்குள் தன் பெட்டியைக் கட்டிவிட்டார். சின்னப் பிள்ளைகளை வேவு பார்க்கப் பழக்கிய ஆசிரியர் என்று அந்த நோட்டில் ஏறியிருக்கும். அண்ணாமலையின் வேலைக்கும் ஆபத்து. எத்தனை பால்மாவு தின்றிருந்தாலும், ஒரு மனிதரின் வயிற்றுப்பாட்டில் கை வைத்த பாவம் தனக்கு வேண்டாம் என்று நினைத்தார். உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

சனிக்கிழமை உட்கார்ந்து நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். உருக்கமான தமிழ். பால்மாவு உண்மை, தூக்கம் உண்மை, புகைப்படமும் உண்மை என்று ஒப்புக்கொண்டார். மீசையின் நிற மாற்றத்தை மணிவாரியாக விளக்கினார். பிள்ளைகள்மேல் தவறில்லை, தலைமையாசிரியரைத் தாங்கள் பெரிய மனது வைத்து மன்னிக்க வேண்டும், தண்டனை எனக்கே வரட்டும் என்று முடித்தார். தன் கடிதத்தைப் படித்துத் தனக்கே கண் கலங்கியது. திங்கட்கிழமை பள்ளி விட்டதும் சைக்கிளை மிதித்து, கல்வி ஆபீஸ் பியூன் சொக்கப்பன் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை ஆபீஸுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. பள்ளி விட்டதும் போனார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

சொக்கப்பன் ஒரு நீள உறையை நீட்டினார். "வாங்க சார். இந்தாங்க, பிரிச்சுப் பாருங்க."

உள்ளே ஒரே தாள், ஆங்கிலத்தில். வட்டாரத்திலேயே மிக அமைதியான, மிக ஒழுக்கமான வகுப்பு இவருடையது. பொன்னுதுரையின் பணி நிரந்தரமாக்கப்படுகிறது. கீழே தலைமையாசிரியர் ஒப்பமிட்டதும் உத்தரவு அமலுக்கு வரும்.

மூன்று முறை படித்தார். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. பால்மாவைக் கேட்டு, தூக்கத்தைக் கேட்டு, டிராயர் படத்தையும் கேட்டு, அதற்குமேல் நான்கு பக்க ஒப்புதலையும் வாங்கிக்கொண்டு இப்படி ஓர் உத்தரவு! உண்மைக்கு மதிப்புக் கொடுக்க உலகத்தில் இன்னும் ஆள் இருக்கிறது. நாளைக் காலையில் அண்ணாமலையின் ஒப்பம், சாயங்காலம் புக்கிட் ரம்பாய். அந்தக் கிராணியைக்கூட மன்னித்துவிடலாம் போலிருந்தது.

"என்ன மனுசன்! எப்படிப்பட்ட மனுசன்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் கடிதத்தைப் படிச்சிட்டு ஐயா என்ன சொன்னாரு சொக்கப்பன்?"

"படிக்கிறதா! ஐயா நம்ம கம்போங் செட்டிக்காரரு சார், அங்க எல்லாருமே இப்படித்தான், பேருதான் தமிழு, வீட்டுல வெளிய எல்லாம் மலாய்தான், தமிழ்ல அவருக்கு ஒரு எழுத்து தெரியாது. அதான் படிச்சுப் பாத்து இங்கிலீசுல எழுதி அனுப்பச் சொல்லி, உங்க கடுதாசிய இன்னிக்கு மத்தியானமே உங்க எட்மாஸ்டருக்குக் குடுத்து விட்டுட்டாரு."