சென்சஸில் காணாமல் போன ஆர்டிஸ் அத்தை

உயிரோடு இருக்கும் சொந்தக்காரர்களைக் கண்டால் கொட்டாவி விட்டு, செத்துப்போனவர்களின் பேரைக் கேட்டால் மட்டும் நிமிர்ந்து உட்காரும் ஆசாமி யாராவது உங்கள் குடும்பத்தில் உண்டா? உண்டென்றால் அவர்தான் வம்சாவளிக்காரர். அமெரிக்காவில் எங்கள் விஸ்கான்சின் பக்கத்தில் பால்மாட்டுக்கு அடுத்தபடி அதிகம் தென்படும் ஜீவன். மாடாவது பால் கொடுக்கும்.

அடையாளம் கண்டுபிடிப்பது ரொம்ப சுலபம். ரிட்டயர் ஆகி ஆறு மாதம் தாண்டியிருக்கும். கக்கத்தில் தலையணை தடிமனுக்கு ஒரு ஃபைல் இருக்கும். கைகுலுக்கும்போதே உங்கள் அம்மாவின் பிறந்த வீடு எது என்று கேட்டுவிடுவார். உங்கள் வீட்டுச் சாவுக்கு வந்து, சர்ச்சில் பாட்டுப் பாடி, சர்ச்சின் கீழ்த்தளத்துக்குப் போய் இரண்டு கப் காபி குடித்து, கேக் தின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பெரியவர் பிறந்தது நவம்பர்னு அச்சடிச்சிருக்கீங்க, அது அக்டோபர்" என்று ஒரு குத்து குத்திவிட்டுத்தான் கிளம்புவார்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பழைய சென்சஸ் காகிதத்தில் ஒரு பிள்ளையைப் பற்றிய தப்பு அவர் கண்ணில் பட்டுவிட்டால்தான் போச்சு! அந்தக் காகிதங்களில் தப்புக்கு என்ன பஞ்சமா? ஒரு சென்சஸில் மகனாக இருந்தது அடுத்த சென்சஸில் மகளாகியிருக்கும், ஒரே குழந்தை அப்பா வீட்டிலும் இருக்கும் மாமா வீட்டிலும் இருக்கும், ஒரு பெண்ணுக்குப் பத்து வருஷத்தில் ஆறு வயதுதான் ஏறியிருக்கும், பிறக்காத பிள்ளைக்கு நாலு வயது ஆகியிருக்கும். எழுதினவர் நாலு மைல் சேற்றில் நடந்து களைத்திருப்பார், பதில் சொன்னவர் ஏழாவதையும் எட்டாவதையும் குழப்பியிருப்பார் என்று நாம் விட்டுவிடுவோம். வம்சாவளிக்காரர் விடுவாரா? அவர் அகராதியில் தப்பு என்ற வார்த்தையே கிடையாது. ரகசியம்தான் உண்டு.

என் மனைவியின் தம்பி வெண்டல் இந்த ரகம். அரசாங்கம் எழுபத்திரண்டு வருஷம் பூட்டி வைத்திருந்த 1950 சென்சஸைத் திறந்துவிட்டதிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூலை மாதம் குடும்பம் மொத்தமும் பூங்காவில் கூடியிருந்தோம். சாஸேஜ் சுடும் பொறுப்பு என்னுடையது. அந்த வருஷம் ஒரு விசேஷம் இருந்தது. முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டிய எங்கள் ஆர்டிஸ் அத்தை, கணவர் போய் எட்டு வருஷத்துக்குப் பிறகு, பக்கத்துப் பண்ணை செல்மரைக் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தாள். அவருக்கும் மனைவி இல்லை. வருகிற சனிக்கிழமை சர்ச். உருளைக்கிழங்கு சாலட்டை அவர் தட்டில் வைத்துவிட்டு அத்தை வெட்கப்பட்டதை அன்றைக்குத்தான் நான் முதன்முதலில் பார்த்தேன்.

அப்போது பார்த்து வெண்டல் ஃபைலோடு வந்தான்.

"அத்தை, சனிக்கிழமை கல்யாணத்தைத் தள்ளிப் போடணும்."

"ஏண்டா, மழையா?"

"செல்மர் உங்க அண்ணன்."

காகிதத்தை மேஜையில் விரித்தான். அத்தையின் அப்பா ஹால்வர், குடும்பத் தலைவர். அவர் மனைவி. கீழே நாலு பிள்ளைகள். முதல் மூன்று பேர் அத்தையின் அண்ணன்மார்கள், இப்போது யாரும் உயிரோடு இல்லை. நாலாவது, செல்மர், மகன், வயது பத்து.

"நான் எங்கடா?"

"அதைத்தான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க இல்ல. அப்போ உங்களுக்கு மூணு வயசு, இருந்திருக்கணும். ஒண்ணு, இவர் உங்க அண்ணன். இல்லேன்னா நீங்க அந்த வீட்டுப் பொண்ணே இல்ல. ரெண்டுல ஒண்ணு அத்தை."

அடப் பாவி! கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது எழுபத்தைந்து வயது பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது? நான் இடுக்கியைப் போட்டுவிட்டு வந்து காகிதத்தைப் பிடுங்கினேன். அடுத்த தாளில் பக்கத்துப் பண்ணை. செல்மரின் அப்பா, அம்மா, மகன் செல்மர், வயது பத்து.

"இதைப் பார்த்தியாடா?"

"பார்க்காம இருப்பேனா மச்சான்? அதான் விஷயமே. ரெட்டைப் பிள்ளைங்க. ஒண்ணைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டாங்க."

"ரெட்டைக்கு ஒரே பேரா வைப்பாங்க?"

"பிரிச்சுக் குடுத்தப்புறம் எந்தப் பேர் வெச்சா என்ன?"

அத்தை, செல்மர் போட்ட மோதிரத்தைக் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

செல்மர் வாயிலிருந்ததை மென்று முடித்தார். எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் எதற்கும் அவசரப்பட மாட்டார்கள்.

"அந்த சென்சஸ் ஆள் வந்தப்ப நான் அங்கதான் இருந்தேன்" என்றார். "எங்கப்பாவுக்குக் கால் ஒடிஞ்சு மாட்டை வித்தாச்சு. நான் ரெண்டு வேளையும் உங்க கொட்டகையில கறந்துட்டிருந்தேன். உங்கம்மா முட்டை விக்க டவுனுக்குப் போயிருந்தா. சென்சஸ்காரர் பெரிய காகிதத்தோட கொட்டகை வாசல்ல நின்னார்."

வாசலில்தான் நிற்க வேண்டும். கறக்கிற நேரத்தில் பாஸ்டரே வந்தாலும் எங்கள் ஊரில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

"எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டார். உங்கப்பா மாட்டு வயித்துல சாய்ச்ச தலையை எடுக்கவே இல்ல. 'கறக்கறானுங்க பாரு, எழுதிக்கோ'ன்னார். உங்க அண்ணனுங்க மூணு பேரும் நானுமா நாலு பேர் கறந்துட்டிருந்தோம். என் பேரைக் கேட்டார், சொன்னேன். வயசைக் கேட்டார், சொன்னேன். யார் மகன்னு கேக்கவே இல்ல. அப்புறம் எங்க வீட்டுக்குப் போனார். அங்க எங்கம்மா என்னை இன்னொரு தடவை சொல்லிட்டா."

மேஜையைச் சுற்றி எல்லோரும் தலையாட்டினார்கள். பண்ணைக்காரனிடம் பிள்ளைகள் எத்தனை என்றால் வேலைக்கு எத்தனை கை என்றுதான் பதில் வரும்.

"மூணு வயசுல நான் எப்படி கறக்கறது?"

"அதனாலதான் நீ அதுல இல்ல."

பஸ்ஸில் ஐம்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்கின அந்தக் குரல் எங்கே போனதென்று தெரியாமல், அத்தை மெதுவாகக் கேட்டாள்: "எங்கப்பாவுக்கு என் ஞாபகமே வரலையா?"

"நீ தீவனப் பெட்டிக்குள்ள பூனைக்குட்டிங்களோட தூங்கிட்டிருந்தே. அந்த ஆள் திரும்பும்போது உன்னைக் காட்டணும்னு வாயைத் தொறந்தேன். உங்கப்பா தலையைத் தூக்காமலே முறைச்சார். கறக்கும்போது பேசக் கூடாது."

"எழுபத்திரண்டு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நீ கேக்கலையே."

அவ்வளவுதான், பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. "நான் ஒருத்தி இருக்கேன்னு சொல்ல வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? சனிக்கிழமை ஒழுங்கா வந்து சேருங்க. முதல்ல கல்யாணம் ஆகட்டும். அப்புறம் இதுக்கு உங்களை உண்டு இல்லைன்னு பண்றேன்!" மோதிரம் விரலுக்குப் போனது. செல்மர் இன்னொரு சாஸேஜ் கேட்டார்.

கல்யாணம் நடந்தது. சர்ச் பதிவேட்டில் அத்தை தன் பேரை அவ்வளவு பெரிதாக எழுதியதில், செல்மர் ஓரத்தில் ஒடுங்கித்தான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. வெண்டல் சாட்சிக் கையெழுத்து போட்டான். முகம் மட்டும் தெளியவில்லை.

நல்ல வேளை, நமக்கு அந்தப் பித்து இல்லை என்றுதானே நினைக்கிறீர்கள்? இருங்கள். அண்ணன்மார் மூவரும் போய்விட்டார்கள், கொட்டகையில் நடந்ததற்குச் சாட்சி செல்மர் ஒருவர்தான், அவரோ மாப்பிள்ளை. மாப்பிள்ளை வேறு எப்படிச் சொல்வார் என்று நடுவில் ஒரு நிமிஷம் உங்களுக்கும் தோன்றியதா? அந்த ரெட்டைப் பிள்ளை விஷயத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது என்று பட்டதா? தயவுசெய்து வெண்டலிடம் சொல்லிவிடாதீர்கள். தனக்குத் துணையாக ஒருவர் கிடைக்க மாட்டாரா என்று அவன் ஏங்கிக்கொண்டிருக்கிறான். உங்கள் அம்மாவின் பிறந்த வீட்டிலிருந்துதான் ஆரம்பிப்பான்.