சோமசுந்தரத்தின் கடைவாய்ப்பல்

கிராம்பை வைத்துக் கடித்ததில் சோமசுந்தரத்துக்குப் பல்வலி போகவில்லை, ஈறுதான் வெந்தது. வெந்த ஈறுக்கு உப்புத் தண்ணீர் கொப்பளித்தார். கன்னம் பன்னாய் வீங்கிற்று. பிடுங்கித் தொலைப்போம் என்று கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போனால், பல் டாக்டர் கையில் எடுத்த குறட்டைக் கீழே வைத்துவிட்டார்.

காரணம் மாத்திரை. வேலூரில் இதயத்துக்கு வால்வு வைத்ததிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்கத் தினம் ஒன்று போடுகிறார். அதோடு பிடுங்கினால் ரத்தம் நிற்காது. வேலூர் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, நாலு நாள் நிறுத்திவிட்டு வரச் சொன்னார். சோமசுந்தரம் டிரங்க்கால் போட்டுக் கேட்டார். சரி என்றார்கள்.

வேறு யாராயிருந்தாலும் லீவு போட்டுப் படுத்திருப்பார்கள். இவரிடம் அந்தப் பேச்சே கிடையாது. சுரங்கத்தில் நிலக்கரிக்கு அடியிலிருந்து முட்டும் தண்ணீரை ராப்பகலாக இறைக்கிற பம்புகளுக்கு இவர் ஆபரேட்டர். ஆபரேஷன் முடிந்ததும் ஆபீசில் உட்கார்த்தி வைக்கப் பார்த்தார்கள். ஒற்றைக்காலில் நின்று பம்புக்கே திரும்பிய மனுஷன். உடம்புக்கு இன்னொன்று வந்தால் மைன்ஸ் பக்கமே விடமாட்டேன் என்று கம்பெனி ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். அதனால் பல் சத்தமில்லாமல் போயாக வேண்டும்.

ஆனால் மாத்திரையை நிறுத்துவது லேசாயில்லை. இட்லி முடிந்ததும் கை தானாக டப்பாவுக்குப் போயிற்று. முதல் நாளே நாக்குக்குப் போனதை, மனைவி ராஜாம்பாள் போட்ட கூச்சலில் துப்பினார். அவள் டப்பாவை அரிசிப் பானையில் ஒளித்தாள். பாழாய்ப்போன கை அங்கேயும் துழாவிற்று. கடைசியில் அன்றைக்கே டப்பாவை எடுத்துப்போய் ஹெல்பர் தங்கராசுவிடம் ஒப்படைத்து, விஷயத்தைச் சொன்னார். தங்கராசு கம்மாபுரத்துக்காரன். சாருக்காக உயிரையே விடுவான்.

"நானே கேட்டாலும் குடுக்காதே" என்றார்.

"சத்தியமா உங்க கையில குடுக்கமாட்டேங்க சார்."

அந்த நாலு நாளும் அவரால் சோறு மெல்ல முடியவில்லை. தங்கராசு வாங்கி வந்த டீயிலேயே ஷிப்ட் ஓடிற்று. ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

பல் ஒரே இழுப்பில் வந்தது. இதற்கா இத்தனை பாடு என்று சிரிக்க வாயைத் திறந்தார். சட்டையெல்லாம் ரத்தம்.

பஞ்சு வைத்தார்கள், நனைந்தது. ஐஸ் வைத்தார்கள், ஐஸே சிவந்தது. தையல் போட்டும் கசிந்துகொண்டே இருந்தது. செகண்ட் ஷிப்டுக்கு நேரமாயிற்று என்று கையால் ஜாடை காட்டியபடி எழுந்து வாசல்வரை போய்விட்டார். தலை சுற்றிற்று. பிடித்து இழுத்து வந்து கட்டிலில் போட்டார்கள்.

பெரிய டாக்டர் வந்தார். மாத்திரை போட்டீர்களா என்று அவர் கேட்க, சோமசுந்தரம் பஞ்சும் வாயுமாகத் தலையை ஆட்டி மறுத்தார். ஒன்றுகூட உள்ளே போகவில்லை என்று ராஜாம்பாள் முருகன் மேல் ஆணையிட்டாள். டாக்டர் முகம் மாறிவிட்டது.

"மாத்திரை இல்லாமலே இப்படின்னா ரத்தத்துலயே ஏதோ புது வியாதி இருக்கு. மெட்ராஸுக்கு அனுப்பணும். இனிமே மைன்ஸை மறந்துடுங்க."

ஆபரேஷனுக்குக்கூட அழாத சோமசுந்தரம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். போச்சு, எல்லாம் போச்சு. ராஜாம்பாள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சேதி கேட்டு டூட்டி உடையோடு ஓடிவந்த தங்கராசு, வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"டாக்டரய்யா, சாருக்கு புது வியாதியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஒரு பம்ப நிறுத்தினா இன்னொண்ண ஓடவுட்டுட்டுத்தானங்க நிறுத்துவோம்? வூட்டுல அடியோட நிறுத்திட்டாங்களேன்னு, நான்தான் தெனம் ஒரு மாத்திரைய அவரு டீயில கலந்து குடுத்துக்கினு இருந்தேன்."